ஜெலாப்பாங் வழியே: கைத்துப்பாக்கிகளும் யுத்த ஞாபகங்களும்

பேராக் மாநிலத்து மலைகளைக் குடைந்து அமைத்த மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி, தெற்கு நோக்கிச் சரிந்திறங்கும் நெடுஞ்சாலையில் வருகின்ற பிரயாணிக்கு, கிந்தாப் பள்ளத்தாக்கு தன் விரிவையெல்லாம் முதன்முதலாகக் காட்டுகின்ற இடம் ஜெலாப்பாங். மேற்கே கிளேடாங் மலைத்தொடர் கரும்பச்சையாகப் படர்ந்து கிடக்க, கிழக்கே சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்க, இடைப்பட்ட நிலத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குளங்களும், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற மேடுகளும், அவற்றின்மேல் எழும்பிய குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கின்றன. ஈப்போ நகரத்தின் வடமேற்கு வாசல் என்று இவ்வூரைச் சொல்லலாம். பிரிட்டிஷாரைத் துரத்திக்கொண்டு வந்த ஜப்பானியச் சேனையும், அச்சேனை வீழ்ந்தபின் காட்டிலிருந்து இறங்கிய கொரில்லாக்களும், அவர்களை மறுபடி காட்டுக்குள் வேட்டையாடிய பட்டாளங்களும் இந்தப் பள்ளத்தாக்கின் பாதைகளையே மிதித்துச் சென்றார்கள்.

யுத்தத்தில் சேவகம் புரிந்தவர்கள் இடுப்பில் அணிந்திருந்த கைத்துப்பாக்கிகளைப் பற்றி மேல்நாட்டார் மிகுந்த வாஞ்சையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். பாட்டனார் பிரான்ஸிலோ பர்மாவிலோ அணிந்த ரிவால்வர், அதன் தோலுறை, அதில் பொறித்த இலக்கம், அதைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவை மனம் திறந்து சொன்ன சம்பவம் ஆகிய இவையெல்லாம் அங்கே ஒரு குடும்பத்தின் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. அவற்றை வாசித்தபோதெல்லாம், அதே யுத்தத்தில் வெந்து மீண்ட மலாயாத் தமிழரின் இல்லங்களில் அதற்கு ஈடாக என்ன மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை. அந்தக் கேள்வியோடுதான் ஜெலாப்பாங்கில் ஒரு நண்பரின் இல்லத்தில் தங்கி, அங்கிருந்து தெற்கே கம்பார் வரையிலும் வடக்கே சுங்கை சிப்புட், தைப்பிங் வரையிலும் போய்வந்தேன்.

கைத்துப்பாக்கி என்ற ஆயுதத்தின் தன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட வெப்ளி ஆறாம் மாதிரி ரிவால்வர், ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள, ஆறு குண்டுகள் கொள்ளும் கனத்த இரும்பு. அதற்குப் பின் 1932இல் வந்த என்ஃபீல்டு இரண்டாம் இலக்க ரிவால்வர் அதைவிட இலகுவானது. அதுவும் ஆறு குண்டுகள் கொள்வதே. இரண்டையும் நடுவில் மடித்துத் திறந்தால் வெடித்த கூடுகள் அனைத்தும் ஒருசேர வெளியே உதிரும். கைப்பிடியின் அடியில் ஒரு வளையமும், அவ்வளையத்திலிருந்து தோளுக்கு ஓடும் ஒரு கயிறும் இருக்கும். ஜப்பானிய அதிகாரிகள் அணிந்த நம்பு பதினான்காம் மாதிரி, 1925இல் ஏற்கப்பட்டது. எட்டுக் குண்டுகள் கொண்டது. இவற்றில் எதுவும் நூறு கஜம் தள்ளி நிற்கும் பகைவனை வீழ்த்தப் பயன்படாது. பத்துப் பதினைந்து கஜ தூரத்தில், முகம் தெரியும் அண்மையில்தான் அதற்கு வேலை. சாதாரணச் சிப்பாயின் கையில் துப்பாக்கி, அதன் முனையில் சனியன் எனப்படும் குத்துக்கத்தி என்பது முறையாக இருக்க, அதிகாரிகளுக்கும் டாங்கிப் படையினருக்கும் தூது செல்வோருக்கும் இவர்கள் போன்ற சிலருக்கும் மட்டுமே கைத்துப்பாக்கி கிடைத்தது. ஜப்பானிய அதிகாரியோ அதைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே, சேனையின் ஆயுதங்கள் அனைத்திலும் தனிமனிதனோடு மிக நெருங்கி ஒட்டியதும் அந்தஸ்தை முதல் பார்வையிலேயே பறைசாற்றியதும் இது ஒன்றே.

நண்பர் என்னை அழைத்துச் சென்ற வீட்டில், எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் ஐந்தடி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். செம்மோர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது பிள்ளைகளோடு ஜெலாப்பாங்குக்குக் குடிபெயர்ந்தவர். "தாத்தா, துரைமாருங்க துப்பாக்கிய பத்தி ஐயா கேக்க வந்திருக்காரு" என்று நண்பர் சொன்னதும், சிறிது நேரம் யோசித்துவிட்டு, தாம் சிறுவனாக இருந்த, 1948இல் பிரகடனமான அவசரகாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பெரட்டு. கிராணி பேர் கூப்பிடுவாரு. துரை கார்ல வந்து எறங்குவாரு. இடுப்புல தோல் பையில துப்பாக்கி தொங்கும். எங்கப்பா கையில பால் வெட்டுற கத்தி. ரெண்டு பேரும் அதே காட்டுக்குள்ளதான் போகணும் ஐயா."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. குறை சொல்லும் தொனியும் இல்லை. கண்டதைக் கண்டபடி சொன்னார். அவ்வளவில், நான் தேடி வந்த பொருளின் சாரம் முழுவதும் அந்தச் சில வாக்கியங்களில் அடங்கிவிட்டது. கைத்துப்பாக்கியின் ஞாபகம் என்பது மேல்நாட்டில் அதை அணிந்தவனின் ஞாபகமாக இருக்கிறது. இங்கே நம்மவரிடம் அது, அணிந்தவனுக்கு அருகில் வெறுங்கையோடு நின்றவனின் ஞாபகமாக இருக்கிறது. இந்த இரண்டாவது ஞாபகத்துக்கும் சரித்திரத்தில் சம ஸ்தானம் உண்டு என்பதே இந்தப் பிரயாணம் முழுவதிலும் என் உள்ளத்தில் நிலைத்து நின்ற எண்ணம்.

ஈப்போ ரயில் நிலையம் 1917இல் கட்டி முடிக்கப்பட்ட, வெண்ணிறக் கவிகையும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட மாளிகை. அதன் எதிரேயுள்ள தோட்டத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. முதல் உலக யுத்தத்தில் மாண்ட பேராக்வாசிகளுக்காக எழுப்பப்பட்ட அத்தூணில், இரண்டாம் யுத்தம், அவசரகாலம் முதலியவற்றில் மாண்டோரை நினைவுகூரும் பலகைகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சயாம் – பர்மா மரண ரயில்பாதையில் உயிர் நீத்தோரையும் அங்கே நினைத்திருக்கிறார்கள். அந்தப் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ளது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அதில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டவர்கள் என்று பெயர் பெயராகக் கணக்கிருக்கிறது. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிச் செல்லப்பட்டுக் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியான பல்லாயிரம் தமிழருக்கு மதிப்பீடுகளே உண்டு; பெயர்ப் பட்டியல் கிடையாது. போர்க்கைதி ஒருவனுக்குப் படைப்பிரிவும் இலக்கமும் இருந்தன. தோட்டத்துக் கூலியாளுக்கு, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, அந்தப் புத்தகமும் யுத்தத்தில் போயிற்று.

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியர், ஜித்ராவில் பதினோராவது இந்தியப் படைப்பிரிவை நிலைகுலையச் செய்து, அம்மாத இறுதிக்குள் ஈப்போவையும் கைப்பற்றினர். அவர்கள் முதன்முறையாகத் திடமான எதிர்ப்பைச் சந்தித்த இடங்களில் ஒன்று, ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரிலுள்ள கம்பார். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அங்கே நடந்த போரில், ஜித்ராவில் சிதைந்த இரண்டு பிரிட்டிஷ் பட்டாளங்களின் மிச்சத்தை ஒன்றாகச் சேர்த்து அமைத்த 'பிரிட்டிஷ் பட்டாலியனும்', பஞ்சாபியரும் கூர்க்கரும் அடங்கிய இந்தியப் படைகளும், மலையின் அடிவாரத்து மேடுகளில் பள்ளம் தோண்டிக்கொண்டு நின்று போராடின. இறுதி நாளில் மேடொன்றின்மேல் ஜப்பானியர் கால் ஊன்றியபோது, எட்டாவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் ஜான் கிரஹாம், பெரும்பாலும் சீக்கியர் அடங்கிய தம் கம்பெனியைச் சனியன் ஏந்தி மேலேறச் செய்தார். கால்களில் படுகாயமுற்று விழுந்த பின்னும் தம் வீரர்களை ஊக்கியபடி இருந்து, பின்னர் உயிர் நீத்தார். மேடு மீட்கப்பட்டது, மேலேறிச் சென்றவர்களில் பெரும்பகுதியினர் மீளவில்லை. ஜப்பானியர் கடல்வழியாகத் தெலுக் இந்தான் பக்கம் இறங்கிப் பின்புறத்தை அச்சுறுத்தியதால், வென்று காத்த அந்த மேட்டையும் கைவிட்டு விலக நேர்ந்தது.

அந்த மேட்டின்மேல் புல்லும் புதரும் மூடிய பழைய பள்ளங்களின் அருகே நின்றபோது, கைத்துப்பாக்கிக்குப் போரில் உண்மையில் என்ன வேலை என்பது எனக்கு விளங்கிற்று. நூற்றுக்கணக்கான சனியன்களும் பீரங்கிகளும் மோதிய அந்தச் சரிவில், அதிகாரியின் ஆறு குண்டுகள் யுத்தத்தின் முடிவை இம்மியும் மாற்றியிருக்க மாட்டா. தன் கையில் நீண்ட ஆயுதம் ஏந்தாமல் முன்னே நடப்பவனைப் பின்பற்றிப் பலர் நடப்பார்கள் என்ற நம்பிக்கையே அந்தச் சிறிய ஆயுதத்தின் பலம். அந்த நம்பிக்கைக்காக முன்னே நடந்த அதிகாரியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. கம்பாரைச் சேர்ந்த ஆசிரியர் சை கூய் லூங் அவர்கள் பிரிட்டிஷ் பட்டாலியனின் சரித்திரத்தை அரும்பாடுபட்டுத் திரட்டி நூலாகவே எழுதி வைத்தார். பின்னே நடந்து மாண்ட சீக்கியச் சிப்பாய்களின் பெயர்களோ கல்லறைப் பதிவேடுகளில் தேடிக் காண வேண்டியவையாகவே இருக்கின்றன.

கம்பாரிலிருந்து திரும்பும் வழியில் பாப்பான் என்ற சிற்றூருக்குச் சென்றேன். ஈய வேட்டையின் காலத்தில் செழித்து, இன்று பாதி வீடுகள் பாழடைந்து கிடக்கும் அந்த ஒற்றைத் தெருவில், 74ஆம் இலக்க வீட்டில், சிபில் கார்த்திகேசு என்ற மாதரசி யுத்த காலத்தில் மருத்துவம் பார்த்தார். யுரேஷியக் குலத்தில் பிறந்து, இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்து, ஈப்போவில் மருத்துவமனை நடத்திவந்த அவர், குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பாப்பானுக்குக் குடிவந்தார். இரவு நேரங்களில் பின்வாசல் வழியே வந்த ஜப்பானிய எதிர்ப்புக் கொரில்லாக்களின் காயங்களுக்கு இரகசியமாகக் கட்டுப்போட்டதும், மாடிப்படியின் கீழே குழி தோண்டி மறைத்த வானொலியில் நேசநாட்டுச் செய்திகளைக் கேட்டுப் பரப்பியதும் அவர் செய்த குற்றங்கள். 1943இல் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸார் அவரைப் பிடித்துச் செய்த சித்திரவதைகளையும், அவர் கண்ணெதிரே சிறுமியான மகளைத் துன்புறுத்தியதையும், எதற்கும் அவர் ஒரு பெயரைக்கூடக் காட்டிக்கொடுக்காததையும் அவரே எழுதிய நூலால் உலகம் அறியும். முதுகெலும்பு சிதைந்து விடுதலையான அவருக்குப் பிரிட்டிஷ் அரசர் ஜார்ஜ் பதக்கம் அளித்தார். 1948 ஜூனில் அவர் காலமானார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது.

யுத்த வீரம் என்பதற்குப் படைக்கலம் அடையாளமாயின் இவ்வம்மையாருக்கு இடமே இல்லை. அவர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஆயுதம் தரித்தவர்கள். விசாரித்தவர்களும் ஆயுதம் தரித்தவர்கள். நடுவில் நின்ற அவரிடம் மருந்துப் பெட்டி ஒன்றே இருந்தது. பேராக்கின் யுத்த சரித்திரத்தில் மிக உயர்ந்த பெயர் அவருடையதாக இருப்பது இதனால்தான் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது.

ஜெலாப்பாங்குக்கு மீண்ட பின், நண்பரின் உறவினரான ஒரு மூதாட்டியைக் கண்டேன். அவருடைய தகப்பனார் தோட்டத்து வேலையை விட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்களைப் பிரிட்டிஷ் அதிகாரி ஜப்பானியரிடமும், ஜப்பானிய அதிகாரியான ஃபுஜிவாரா அவ்வீரர்களை, இந்திய தேசிய ராணுவத்தை அமைத்த கேப்டன் மோகன் சிங்கிடமும் ஒப்படைத்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபோது, அதுவரை சிப்பாய் உத்தியோகத்தைக் கண்ணால்கூடக் கண்டிராத தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அப்படையில் சேர்ந்தனர். பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ஆயுதங்களே அவர்கள் பயின்ற ஆயுதங்கள். டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில், கோலாலம்பூரின் ஜானகி தேவரைப் போன்ற செல்வர் வீட்டுப் பெண்களும், லயத்து வீடுகளில் வளர்ந்த பெண்களும் ஒரே வரிசையில் நின்று துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். தலைமுறைகளாகத் துரையின் முன்னே தலைகுனிந்து நின்ற ஒரு சமுதாயம், ஆயுதத்தின் கைப்பிடிப் பக்கத்தில் நின்ற முதல் தருணம் அது. அந்தப் படை எந்தக் களத்தில் வென்றது, எங்கே தோற்றது என்று ஆராய்வோர் ஆராயட்டும். நிமிர்ந்து நிற்கலாம் என்று அம்மக்கள் அறிந்துகொண்டது தோல்வியால் அழியவில்லை.

"அப்பா பர்மாவுலேந்து வரும்போது ஒண்ணுமே கொண்டாரல. துப்பாக்கிய அங்கேயே குடுத்துட்டாங்களாம். தினம் காலையில எங்கள வரிசையா நிக்க வச்சு சல்யூட் அடிக்கச் சொல்லுவாரு, அப்புறந்தான் பால் வெட்டப் போவாரு" என்று அம்மூதாட்டி சொன்னார்.

அந்த வீட்டில் யுத்தத்தின் நினைவுப்பொருள் வேறொன்றும் இல்லை. சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி எழுப்பிய இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னத்தையும், அடுத்த இரண்டு மாதத்துக்குள் மீண்டு வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கல்லும் இல்லை, இரும்பும் இல்லை. பிள்ளைகளின் கை நெற்றிக்கு உயர்ந்த பழக்கம் ஒன்றே அந்தச் சிப்பாய் தம் குடும்பத்துக்கு வைத்துப்போன சொத்து.

வடக்கே சுங்கை சிப்புட்டுக்கு நான் போனது இந்தச் சரித்திரத்தின் அடுத்த அத்தியாயத்துக்காக. ஜப்பானியருக்கு எதிராகக் காட்டில் போராடிய கொரில்லாக்களுக்கு, யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் பிரிட்டிஷார் விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்டார்கள். 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்தவர் ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுத்தார்கள். ஒப்படைக்காத ஆயுதங்கள் காட்டில் புதைந்து கிடந்தன. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில், சுங்கை சிப்புட் வட்டாரத்தின் இரண்டு தோட்டங்களில், ஆர்தர் வாக்கர், ஜான் அலிசன், இயான் கிறிஸ்டியன் என்ற மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரகடனமான அவசரகாலம் 1960 ஜூலை 31 வரையில் நீடித்தது. அந்நாட்களில் துரைமாரின் பங்களாக்களைச் சுற்றி முள்கம்பியும் மணல்மூட்டையும் எழுந்தன. உறங்கும்போதும் ரிவால்வர் தலைமாட்டில் இருந்தது. பத்து காஜாவிலுள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில், அக்காலத்தில் மாண்ட துரைமாரும் போலீஸ் அதிகாரிகளும் போர்வீரர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே மலர்வளையம் வைத்து வணக்கம் செலுத்துகிறார்கள். வீட்டை விட்டு நெடுந்தூரம் வந்து அகாலமாக மாண்டவர்கள் அவர்கள். அந்த அஞ்சலி முற்றும் தகும்.

அதே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளி அனுபவித்ததை அறியக் கல்லறை எதையும் தேடவேண்டியதில்லை. ஜெலாப்பாங் முதலிய ஊர்களின் அமைப்பே அதற்குச் சாட்சி. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்கம்பி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள்; ஜெலாப்பாங்கின் கம்போங் பாருவும் அவ்வகையானதே. தோட்டங்களில் லயங்களை ஒன்றுசேர்த்து வேலி அடைத்தார்கள். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வாசலில் சோதனை நடந்தது. உணவு கேட்டு இரவில் காட்டிலிருந்து வந்தவன் கையிலும் துப்பாக்கி, உணவு கொடுத்தாயா என்று பகலில் கேட்டவன் கையிலும் துப்பாக்கி. நான் கண்ட பெரியவரின் தமையனார் அந்நாட்களில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் தோட்டத்து வாசலில் காவல் நின்றவராம். ஊதாவும் பச்சையும் கலந்த ரிப்பனில் தொங்கும் அவருடைய சேவைப் பதக்கம், இரும்புப் பேழைக்குள் பிறப்புச் சான்றிதழ்களோடு பத்திரமாக இருக்கிறது. நான் இந்தப் பிரயாணத்தில் கையில் ஏந்திப் பார்த்த ஒரே யுத்தப் பொருள் அது.

கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேசும் தமிழன் மறக்கக்கூடாத ஒரு பெயர் உண்டு. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, இளவயதில் மலாயாவுக்கு வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றி, யுத்தம் முடிந்தபின் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் எஸ். ஏ. கணபதி. அவசரகாலச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்று விதித்திருந்தார்கள். 1949 மார்ச்சில் கணபதி கைதானபோது அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது என்பதே குற்றச்சாட்டு. அது வழியில் கிடைத்தது, போலீஸில் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றேன் என்பது அவர் சொன்ன சமாதானம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்திய அரசாங்கம் கருணை காட்டுமாறு வேண்டியும் பயனின்றி, 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் பூடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். யாரையும் அவர் சுட்டதாக வழக்கு இல்லை. அந்த ஆயுதம் அவரிடம் இருந்ததே போதுமானதாயிற்று.

அதே சட்டத்தின் கீழ் மரண தண்டனை பெற்ற மற்றொரு தமிழர் சாம்பசிவம். ஜொகூரில் 1948இல் பிடிபட்ட அவர்மீது, துப்பாக்கி வைத்திருந்ததாகவும் தோட்டாக்கள் வைத்திருந்ததாகவும் இரண்டு குற்றங்கள் சாட்டப்பட்டன. தோட்டா வழக்கில் விடுதலையாகி, மறுவிசாரணையில் துப்பாக்கி வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றார். லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தீர்ப்பை ரத்து செய்து, ஒரு குற்றத்திலிருந்து ஒருவனை விடுவித்த தீர்ப்பு பின்வரும் விசாரணையையும் கட்டுப்படுத்தும் என்று கூறிய நியாயத்தை, பல தேசத்து நீதிமன்றங்கள் இன்றளவும் எடுத்தாளுகின்றன. ஒருவர் மாண்டார், ஒருவர் மீண்டார். இருவர் வாழ்வையும் நிறுத்துப் பார்த்த தராசில் எடைக்கல்லாக இருந்தது ஒரு கைத்துப்பாக்கி. ஒருவன் இடுப்பில் பதவியின் சின்னமாகத் தொங்கிய அதே பொருள், மற்றொருவன் மடியில் காணப்பட்டபோது தூக்குக்கயிறாயிற்று என்பதை, தனிமனிதரின் படைக்கலங்களைப் பற்றி எழுதப்படும் எந்தச் சரித்திரமும் விட்டுவிடலாகாது.

சுதந்திரம் அடைந்த பின்னரும் இத்தேசம் ஆயுதத்தை மிகக் கண்டிப்பாகவே நடத்தி வருகிறது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971இல் இயற்றிய துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனை அதிகரிப்புச் சட்டமும் உள்ள நாட்டில், பாட்டனாரின் ரிவால்வரைப் பேரன் அலமாரியில் வைத்து அழகு பார்க்க முடியாது. யுத்தகால ஆயுதங்களைக் காண விரும்புவோர் கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகத்துக்கோ, போர்ட் டிக்சன் ராணுவ அருங்காட்சியகத்துக்கோ செல்ல வேண்டும். இந்தக் கண்டிப்பை நான் குறையாகக் கருதவில்லை. இவ்வளவு இரத்தம் கண்ட தேசத்துக்கு அது பொருத்தமான விவேகம். ஆயினும் அதன் விளைவு ஒன்றுண்டு. ஞாபகத்தைப் பற்றிக்கொள்ள ஒரு பொருள் இருக்கும் குடும்பங்களில், அப்பொருளைக் காணும்தோறும் கதை மறுபடி சொல்லப்படுகிறது. பொருளே இல்லாத இல்லங்களில், சொல்பவர் மறைந்தால் சொல்லும் மறைகிறது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்து மறைய, லயங்கள் இடிபட, ஒரே பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் ஜெலாப்பாங், சிலிபின், மேரு என்று சிதறிப்போன பின், ஒருவர் சொல்வதை ஆமோதிக்கவோ திருத்தவோ அண்டைவீட்டில் ஆளும் இல்லை.

தைப்பிங்கில் லாருட் மலையடிவாரத்திலுள்ள யுத்தக் கல்லறைத் தோட்டத்தைச் சாலை இரு கூறாக்குகிறது. ஒருபுறம் கிறிஸ்தவர், மறுபுறம் இந்திய, கூர்க்க வீரர்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை இன்னாருடையவை என்று தெரியாதவை. அப்படித் தெரியாதவற்றின்மேலும் கல் நாட்டி, புல் வெட்டி, எண்பது ஆண்டுகளாக ஒரு ஸ்தாபனம் பராமரித்து வருகிறது. பெயர் தெரியாதவனையும் மறக்கமாட்டோம் என்று உறுதி பூணுவது சாத்தியம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. சிப்பாய்க்குச் செய்வதைச் சிப்பாய் அல்லாதவனுக்கும், ஆயுதம் தாங்கியவனுக்குச் செய்வதை அதன் எதிரே நின்றவனுக்கும் செய்ய மனம் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் பெரும் பொருட்செலவோ அரசாங்க உத்தரவோ தேவையில்லை. சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன் 1954இல் நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலையைப் போன்ற தமிழ்ப் பள்ளிகள் பேராக் மாநிலம் எங்கும் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் உயர்வகுப்பு மாணவர்கள் தங்கள் இல்லத்து முதியோர் ஒருவரிடமேனும் சென்று, எந்தத் தோட்டம், கிராணி யார், துரை என்ன பெயர் கொண்டவர், சயாமுக்குப் போனவர் யார், நேதாஜி படைக்குப் போனவர் யார், ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக நின்றவர் யார், திரும்பாதவர் யார் என்று கேட்டு, சொன்னபடியே எழுதி, பள்ளி நூலகத்தில் வைக்கலாம். மாரியம்மன் கோவில்களின் திருவிழா மலர்களில் உபயதாரர் பட்டியலோடு, அந்தத் தோட்டத்திலிருந்து யுத்தத்தில் மறைந்தவர்களின் பட்டியலையும் அச்சிடலாம். பேச்சைப் பதிவு செய்யும் கருவி இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. கேட்கும் பொறுமை ஒன்றே நாம் கொண்டுவர வேண்டியது.

யுத்தத்தைக் குழந்தைப் பருவத்திலேனும் கண்ணால் கண்டவர்களின் தலைமுறை இன்னும் சில ஆண்டுகளில் முற்றுப்பெறும். அதற்குப் பின் ஆவணங்கள் மட்டுமே பேசும். ஆவணங்களோ ஆயுதம் வைத்திருந்தவர்களைப் பற்றியே விரிவாகப் பேசும். கத்தியோடும் வாளியோடும் காட்டுக்குள் போனவர்கள், சல்யூட் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், கட்டுப்போட்ட கைக்காகச் சித்திரவதைப்பட்டவர்கள் ஆகியோரின் சரித்திரத்தை எழுதும் கடமை அவர்கள் வழிவந்த நமக்கே உரியது. அதை இந்த ஆண்டிலேயே, நம் வீட்டு முதியோரிடமிருந்தே, தொடங்கிவிட வேண்டும்.